ஏடும் நாடாவும்



வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் கண்ணாற் காணத்தக்கவை. எழுத்தறிந்தோர் எவரும் நேரே படிக்கத்தக்கவை. ஆனால் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலே, எழுத்தே இல்லாத ஓர் ஏடு நம் இல்லங்களுக்குள் புகுந்தது. கரும்பழுப்பு நிறமுடைய மெல்லிய நாடா அது. வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் புலப்படாது. அதனைப் படித்துக் காட்டுதற்கு ஒரு பொறி வேண்டும். அப்பொறி பழுதுபட்டால் ஏடு இருந்தும் இல்லாததாகிவிடும். அதனை ஊரார் ‘டெக்’ என்று அழைத்தனர். காட்சிப் பதிவுக் கருவி என்று நாம் சொல்லலாம். அது தோன்றி வளர்ந்து மறைந்த வரலாற்றையும், எஞ்சியிருக்கும் டெக்கினைச் செப்பம் செய்து காப்பது ஏன் வரலாற்றுத் தொண்டாகும் என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

காந்த ஆற்றலால் ஒலியைப் பதிந்துவைக்கலாம் என்பதை 1898 ஆம் ஆண்டில் செய்துகாட்டியவர் டென்மார்க்கு நாட்டு வால்டெமர் பவுல்சன் என்பவர். அவர் எஃகுக் கம்பியிலே ஒலியைப் பதிந்தார். 1928 இல் செருமானியரான பிரிட்சு புளூமர், காகித நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி அதே வேலையைச் செய்தார். 1935 இல் பெர்லின் நகரக் கண்காட்சியில் ஒலிப்பதிவு நாடாக் கருவி மக்கள் பார்வைக்கு வந்தது. வானொலி நிலையங்களுக்கு அஃது ஒரு பெரும் துணையாயிற்று.

ஒலியைப் பதிந்தவர்கள் காட்சியையும் அவ்வாறே பதிந்துவிடலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. ஒலிக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள்வரை பதிந்தால் போதும். காட்சிக்கோ பல இலட்சம் அதிர்வுகள் வேண்டும். அத்தனையையும் இடம் பெறச் செய்ய வேண்டுமாயின் நாடா மிக விரைந்து ஓட வேண்டும். இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனத்தார் ‘வெரா’ என்னும் கருவியை அமைத்து 1958 இல் ஒளிபரப்பிலும் காட்டினர். அதில் நாடா நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறந்தது. அரை மீட்டர் அகலமுடைய பெரிய சுருள் ஒன்று 15 நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று! அம்முறையில் மூன்று மணி நேரத் திரைப்படம் ஒன்றைப் பதிவதற்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நாடா வேண்டும். திண்டுக்கல்லில் தொடங்கி ஒட்டன்சத்திரத்தைக் கடந்து, பழனியை நெருங்கும் மட்டும் சாலைநெடுக நாடாவை விரித்துக்கொண்டே போகலாம் என்றால் அதன் நீளம் உங்களுக்கு விளங்கும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் ஆம்பெக்சு நிறுவனத்தார். சார்லசு கின்சுபர்க்கு என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு உழைத்தது. பின்னாளில் ஒலித்துறையில் பெரும்புகழ் எய்திய இரே டால்பி அக்குழுவில் ஓர் இளைஞராக இருந்தார். நாடா மெல்லவே ஓடட்டும், பதிவு செய்யும் ‘ஹெட்’ என்னும் காந்தமுனை விரைந்து சுழலட்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. 1956 ஏப்பிரல் 14 ஆம் நாள் சிக்காகோ நகரில் அக்கருவி வெளிப்பட்டது. அதன் விலை ஏறத்தாழ 50,000 டாலர். அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள், நியூயார்க்கு நகரில் படிக்கப்பட்ட செய்தியைச் சி.பி.எசு. நிறுவனத்தார் நாடாவிற் பதிந்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரையில் உள்ளவர்களுக்கு ஒளிபரப்பினர். ஓடிப்போன நேரத்தை நிறுத்திவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அன்று மனிதனுக்குக் கிட்டியது.

எனினும் அவ்வாற்றல் பெருநிறுவனங்களிடமே இருந்தது. அது வீட்டுக்குள் வரப் பின்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1972 இல் பிலிப்சு நிறுவனமும், 1975 இல் சோனி நிறுவனமும், 1976 இல் சப்பானின் ஜே.வி.சி. நிறுவனமும் வீட்டுக் கருவிகளை வெளியிட்டன. சோனியின் முறைக்குப் பீட்டாமாக்சு என்பது பெயர், ஜே.வி.சி. முறைக்கு வி.எச்.எசு. என்பது பெயர். முதலில் வந்த பீட்டாமாக்சுப் பேழை ஒரு மணி நேரமே ஓடியது, வி.எச்.எசு. பேழையோ தொடக்கத்திலேயே இரண்டு மணி நேரம் ஓடியது. வி.எச்.எசு. முறையை ஏனைய நிறுவனங்கள் பலவும் ஏற்றுக்கொள்ளவே, அதுவே உலகெங்கும் நிலைபெற்றது.

அதன் அமைப்பு எண்ணி வியக்கத்தக்கது. நம் நாட்டில் வழங்கிய முறைப்படி, அதில் நாடா நொடிக்கு ஓர் அங்குலங்கூட நகர்வதில்லை. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை, சற்றே சாய்ந்த நிலையில் நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள் பதிந்துள்ளன. ஆகவே நொடிக்கு 50 சாய்கோடுகள் நாடாவின்மேல் வரையப்படுகின்றன. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு; நம் தலைமயிரை ஒத்த நுண்மை. இவ்வாறு வரைந்தமையால், 50 கிலோமீட்டர் நாடா வேண்டிய இடத்தில் 260 மீட்டருக்கும் குறைந்த நாடா போதுமானதாயிற்று. மூன்று மணி நேரப் பேழை, நீண்ட நம் தமிழ்த் திரைப்படங்களுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்திற்று.

இனி, நம் நாட்டு நிலையைக் காண்போம். தில்லியில் 1959 செப்டம்பர் 15 ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கியது. 1982 இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதே காலத்தில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்து திரும்பிய நம்மவர், தம் பெட்டிகளோடு டெக்கையும் கொண்டுவந்தனர். சொந்தமாக வாங்கும் வசதி மிகச் சிலர்க்கே இருந்தது. ஏனையோர் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்தனர். காதுகுத்து, பூப்புநீராட்டு, கோயில் திருவிழா ஆகிய நாள்களில், தெருவிலே பாய் விரித்து விடியும்வரை மூன்று படங்களைத் தொடர்ந்து பார்ப்பது வழக்கமாயிற்று. காய்கறிச் சந்தையால் தமிழகமும் கேரளமும் அறிந்த எங்கள் ஒட்டன்சத்திரத்திலும், சந்தை அடங்கிய இரவுகளில் இக்காட்சியைக் கண்டவர் பலர்.

புதுமை புகுந்த இடத்தில் வழக்கும் புகுதல் இயல்பு. 1984 ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வீட்டிலிருப்போர் பின்னர்ப் பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துகொள்வது குற்றமாகாது என்று, அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அக்கருத்தினர்; நால்வர் மாறுபட்டனர். நம் நாட்டில் அதே ஆண்டில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வீடியோப் படங்களும் அதன் காப்புக்குள் கொண்டுவரப்பட்டன. திருட்டுப் பதிவுக்குரிய தண்டனை கடுமையாக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசும் 1984 இல் ஒரு சட்டம் இயற்றி, டெக்கின் வழியே மக்களுக்குத் திரைப்படம் காட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. ஒரு வீட்டுப் பொருளுக்காகக் கடல்கடந்த நாடும் நம் மாநிலமும் ஒரே ஆண்டில் சட்டம் பேசின என்றால், அதன் செல்வாக்கு எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

திரைப்படத்தோடு இதன் பணி முடியவில்லை. 1988 இல் ‘நியூசு டிராக்’ என்னும் ஆங்கிலச் செய்தி இதழ் நாடாவிலேயே வெளிவந்தது. 1990 இல் தமிழில் ‘பூமாலை’ என்னும் வீடியோ இதழ் வந்தது. அதனை நடத்தியவரே 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சியைத் தொடங்கினார். ஆகவே, தமிழகத்தின் தனியார் தொலைக்காட்சி வரலாற்றுக்கு முன்னுரை எழுதியது டெக்கே எனலாம்.

ஆனால் இவை எல்லாவற்றினும் சிறந்த பணி ஒன்றுண்டு. கல்வெட்டிலே மன்னர் பெயர் இருக்கும். ஏட்டிலே புலவர் பாட்டு இருக்கும். உழவரும் வணிகரும் தச்சரும் தம் உருவையும் குரலையும் விட்டுச்செல்ல வழியின்றியே பல தலைமுறைகள் கழிந்தன. டெக் வந்தபின், சிற்றூர்த் திருமணமும் சீர்வரிசையும், மணப்பந்தலில் முதியோர் பேசிய பேச்சும் நாடாவில் ஏறின. யான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஆண்டு விழாவும் அவ்வாறு பதியப்பெற்றது. நாடகத்தில் நடித்த சிறுவர்கள் இன்று தந்தையராகிவிட்டனர். வாழ்த்துரை வழங்கிய மூத்த ஆசிரியர் இன்று இல்லை. அவர் குரல் அந்நாடாவில் மட்டுமே இருக்கிறது.

2016 சூலைத் திங்களோடு, இக்கருவியை இறுதிவரை செய்துவந்த சப்பானின் புனாய் நிறுவனமும் அதனை நிறுத்திவிட்டது. உதிரிப் பொருள்கள் கிடைக்காமையும் அதற்கொரு காரணம். எனவே, ஒரு டெக்கை உடையவர் அதனைப் பேணத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். 1991 இல் வாங்கிய டெக் ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அதற்கு நேர்ந்த பிணிகள் பலவாயினும் காரணங்கள் எளியவை. ரப்பர் பெல்ட்டு வெப்பத்தில் தளர்ந்து பிசினாகிவிடும். அப்போது சுருள் சுழலாது, நாடா உள்ளே சிக்கிக்கொள்ளும். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகி இறுகும், படம் நடுங்கும். மசகு கெட்டியாகிவிட்டால் பேழை உள்ளே இறங்காது. மின்சுற்றிலுள்ள கெப்பாசிட்டர் வற்றிவிட்டால் கருவி உயிர் பெறவே பெறாது. ஹெட்டில் அழுக்குப் படிந்தால் திரையில் பூச்சி பறக்கும். அதனைத் துடைப்பதற்கும் ஒரு முறையுண்டு. மென்மையான பதனிட்ட தோலில் ஐசோபுரொபைல் ஆல்ககால் தோய்த்து, உருளையின்மேல் அசையாது பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடிந்துவிடும். முன்பு நம் ஊரிலேயே டெக் பழுது நீக்குவோர் சிலர் இருந்தனர். இன்று அக்கைகள் கைப்பேசியைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரத்தால் இராவிப் பூட்டும் சாவியும் செய்த கைத்திறனுக்குக் கிடைத்த பெருமை அது. பெட்டிக்குள் எத்துணைச் செல்வம் இருப்பினும் சாவி தொலைந்தால் பயனில்லை என்பதை நம் மாவட்டத்தார்க்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. நாடாவுக்கு டெக்கே சாவி. ஆயினும் சாவியைப் பேணுவதோடு நம் கடமை முடியாது. பெட்டியும் உளுத்துவருகிறது. ஈரத்தில் நாடாவின் ஓரங்களில் வெண்பூசணம் படர்கிறது. துகளைப் பற்றியிருக்கும் பசை நாளடைவில் சிதைகிறது. யுனெஸ்கோ 2019 இல் உலக நாடுகளுக்கு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாக்களிலுள்ள செல்வத்தைப் பிறவற்றுக்கு மாற்றுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன என்பது அதன் கருத்து. பெரியோரும் இதில் இழந்திருக்கின்றனர். 1969 இல் மனிதன் நிலவில் இறங்கிய காட்சியைக் கொண்ட மூல நாடாக்கள், வேறு பதிவுக்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமே 2009 இல் முடிவுக்கு வந்தது.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். பனையோலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. செல்லரிக்கு முன்னே அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு எழுதியவர் இருந்தமையால் சங்கப் பாடல்கள் பிழைத்தன. எழுதாது விட்ட நூல்கள் மறைந்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஊர்தோறும் ஏடு தேடிச் சென்று, 1894 இல் புறநானூற்றை அச்சேற்றினார். ஓலைக்குச் சில நூறு ஆண்டு அவகாசம் இருந்தது. நாடாவுக்கோ சில பத்தாண்டுகளே. ஓலையைப் பெயர்த்தெழுதப் புலமை வேண்டும். நாடாவைக் கணிப்பொறியிற் பெயர்க்கப் பொறுமை போதும். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் உடனிருந்தால் வேலை முடிந்தது.

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணையைப் பாருங்கள். பேழை இருந்தால் அதன் முதுகிலுள்ள சிறு தகட்டை உடைத்துவிடுங்கள். பின்னர் எவரும் அறியாமல் அதன்மேற் பதிய இயலாது. பூசணம் கண்ட நாடாவைத் தூய்மை செய்யாமல் ஓட்டாதீர்கள். அது டெக்கையும் கெடுத்து, அடுத்த நாடாவையும் கெடுக்கும். பேழைகளை நூல்போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் காந்தமும் அணுகாத இடத்தில் வையுங்கள். ஓடும் டெக் ஒன்று உறவினர் வீட்டில் இருந்தால் அதனைப் பழைய இரும்புக்குப் போகவிடாதீர்கள். பெயர்த்த படியினை இரண்டாக்கி, இரண்டிடங்களில் வையுங்கள்.

இன்னும் ஒன்று. படம் ஓடும்போது உங்கள் பாட்டியையோ பெரியப்பாவையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பந்தலில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன முறை என்று கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத முகம் வரலாறு ஆகாது. முகத்தை நாடா காத்துவைத்திருக்கிறது. பெயரைச் சொல்ல வல்லவர் நம்மிடையே இருக்கும்போதே அவ்வேலையைத் தொடங்குதல் நலம்.