மிகையும் மடங்கும்: சமணக் கணிதம் கற்பித்த ஒப்பீடு

இரண்டு தொகைகளை எண்ணால் ஒப்பிடும்போது பெரிதும் கேட்கப்படுவன இரண்டு வினாக்கள். ஒன்று மற்றொன்றைவிட எத்தனை மிகுதி என்பது முதல் வினா. எத்தனை மடங்கு என்பது இரண்டாம் வினா. ஒருவனிடம் 6 மாங்கனிகளும் மற்றொருவனிடம் 18 மாங்கனிகளும் இருந்தால், பின்னவனிடம் 12 மிகுதி என்பதும் உண்மை. மும்மடங்கு என்பதும் உண்மை. முதல் விடை கழித்தலால் வருவது. இரண்டாம் விடை வகுத்தலால் வருவது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வழிக்கணக்கில் இடறி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. இவ்வேறுபாட்டைச் சமண ஆசாரியர்கள் ஆகமத்திலேயே தனிக் கலைச்சொற்களால் வரையறுத்து வைத்தனர்.

ஆகமத்தில் ஒப்பீடு

தசலக்ஷணப் பருவத்தில் ஓதப்பெறும் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், பொருள்களை அறிதற்குரிய வாயில்கள் எட்டினைக் கூறுகிறது. அவற்றுள் இரண்டாவது சங்கியை, அதாவது எண்ணிக்கை. இறுதியானது அல்பபகுத்துவம், குறைவையும் மிகுதியையும் ஒப்பிட்டு அறிதல் என்பது அதன் பொருள். எண்ணுதல் வேறு, எண்ணியவற்றை ஒப்பிடுதல் வேறு என்னும் தெளிவு இவ்வரிசையிலேயே அமைந்துள்ளது.

இதே எட்டு வாயில்களை விரித்துரைக்கும் பேராகமம் ஷட்கண்டாகமம். கிர்நார் மலைக்குகையில் தவமிருந்த தரசேனாசாரியர், தம் நினைவிலிருந்த ஆகமப்பொருள் அழியாதிருக்கும் பொருட்டுப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களுக்கு அதனைக் கற்பித்தார். பின்னர்ப் புஷ்பதந்தர் வனவாசி நாட்டிற்கும், பூதபலி திரமிள தேசமாகிய தமிழகத்திற்கும் சென்றனர் என்று மரபு கூறுகிறது. தொடக்கப் பகுதியைப் புஷ்பதந்தர் இயற்ற, எண்ணிக்கையைக் கூறும் பகுதி முதலாகத் தொடர்ந்து இயற்றியவர் பூதபலியே. தமிழ் மண்ணை மிதித்த முனிவர் ஒருவரின் வாக்கில் ஒப்பீட்டுக் கணிதம் உருப்பெற்றது என்பது தமிழ்ச் சமணர் நினைவில் நிறுத்தத்தக்க செய்தியாகும்.

அப்பகுதியில் ஒரு வகை உயிர்த்தொகை மற்றொன்றைவிட எவ்வாறு மிகுந்தது என்பதைக் குறிக்கச் சொற்கள் வரையறையுடன் வழங்குகின்றன. இரட்டியை எட்டாத மிகுதி விசேஷாதிகம். எண்ணத்தக்க மடங்கு மிகுதி சங்க்யாத குணம். எண்ணுக்கடங்காத மடங்கு அசங்க்யாத குணம். முடிவிலா மடங்கு அனந்த குணம். மிகைக்கு ஒரு சொல்லும் மடங்குக்கு வேறு சொற்களும் இருத்தலால் பொருள் மயங்குவதில்லை. இன்றைய பாடநூல்களில் வரும் ‘குணகம்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

இன்றைய பேச்சில் இத்தெளிவு குறைந்துள்ளது. ‘ஆறைவிட மூன்று மடங்கு அதிகம்’ என்றால் விடை 18 என்பார் சிலர். ஆறுடன் அதன் மூன்று மடங்கைக் கூட்டி 24 என்பார் சிலர். ‘மடங்கு’, ‘அதிகம்’ என்னும் இரு சொற்களை ஒரே தொடரில் பிணைத்ததால் வந்த மயக்கம் இது. ‘ஆறின் மூன்று மடங்கு’ என்றோ ‘ஆறைவிட மூன்று மிகுதி’ என்றோ கூறின் ஐயத்திற்கு இடமில்லை.

மூன்று குறைந்த ஒன்பது கோடி

ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனர் இயற்றிய தவளா உரை, துறவியரின் எண்ணிக்கை பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகளைப் பதிவு செய்கிறது. அவற்றுள் பலரும் அறிந்த மரபின்படி, ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் பிரமத்த சம்யதர் 5,93,98,206 பேர். ஏழாம் குணஸ்தானத்தில் நிற்கும் அப்பிரமத்த சம்யதர் 2,96,99,103 பேர். பின்னதை இரட்டித்தால் முன்னது சிறிதும் பிசகாமல் வருகிறது. சோர்வின்றி விழித்திருப்போர் சோர்வு கலந்தோரில் பாதியே என்னும் அறவுரையை இம்மடங்கு உணர்த்துகிறது.

மேல்நிலைகளில் உள்ளோரையும் சேர்த்தால் சம்யமியரின் மொத்தத் தொகை 8,99,99,997. இதனை ‘மூன்று குறைந்த ஒன்பது கோடி’ என்று வணங்குவது மரபு. ஒரே கணக்கில் இரட்டி என்னும் மடங்கு ஒப்பீடும், மூன்று குறைவு என்னும் வேறுபாட்டு ஒப்பீடும் அமைந்திருப்பதைக் காணலாம்.

லோகவருணனையும் இத்தகையதே. ஜம்புத்துவீபத்தின் விட்டம் 1 லட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்த லவண சமுத்திரத்தின் அகலம் 2 லட்சம். தாதகீகண்டம் 4 லட்சம். காலோத சமுத்திரம் 8 லட்சம். புஷ்கரவரத் தீவு 16 லட்சம். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் இருமடங்கு. இவ்வரிசையில் மிகை ஒப்பீடும் மறைந்திருக்கிறது. எந்தத் தீவையோ கடலையோ எடுத்து, அதற்கு முந்தைய அனைத்தின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டாலும் மிகுதி 1 லட்சமே. 2-இலிருந்து 1 போக 1. 4-இலிருந்து 3 போக 1. 8-இலிருந்து 7 போக 1. 16-இலிருந்து 15 போக 1.

மகாவீராசாரியரின் வணிகர்கள்

ஆகமக் கணிதத்தை உலகியல் கணக்குகளுக்குரிய பாடநூலாக்கிய பெருமை மகாவீராசாரியருக்கு உரியது. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அவர் இயற்றிய கணித சார சங்கிரகம் ஒன்பது அதிகாரங்களை உடையது. வடமொழியில் அமைந்த அந்நூலின் கணக்கு ஒன்று வருமாறு:

மூன்று வணிகர் ஒருவரிடமொருவர் பொருள் கேட்கின்றனர். முதல்வன் இரண்டாமவனிடம் 4-உம் மூன்றாமவனிடம் 5-உம் பெற்றால் மற்ற இருவரின் மொத்தப் பொருளைப்போல் இருமடங்கு உடையவனாவான். இரண்டாமவன் முதல்வனிடம் 4-உம் மூன்றாமவனிடம் 6-உம் பெற்றால் மும்மடங்கு உடையவனாவான். மூன்றாமவன் முதல்வனிடம் 5-உம் இரண்டாமவனிடம் 6-உம் பெற்றால் ஐம்மடங்கு உடையவனாவான். ஒவ்வொருவனிடமும் இருந்தது எவ்வளவு?

இங்குத் திறவுகோல் ஒன்றே: பொருள் கைமாறினாலும் மூவரின் மொத்தம் மாறுவதில்லை. மற்ற இருவரைப்போல் இருமடங்கு உடையவனிடம் மொத்தத்தில் மூன்றில் இரு பங்கு இருக்கும். மும்மடங்கு உடையவனிடம் நான்கில் மூன்று பங்கு. ஐம்மடங்கு உடையவனிடம் ஆறில் ஐந்து பங்கு. இம்மூன்று பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தின் இரண்டேகால் மடங்கு. அவற்றிலிருந்து அவரவர் பெற்ற 9, 10, 11 ஆகிய 30-ஐ நீக்கினால் எஞ்சுவது மொத்தமே. ஆகவே மொத்தத்தின் ஒன்றேகால் மடங்கு 30, மொத்தம் 24. அதன் மூன்றில் இரு பங்கு 16. பெற்ற 9 போக முதல்வனுடையது 7. அவ்வாறே இரண்டாமவனுடையது 8, மூன்றாமவனுடையது 9.

பெறுதலும் கொடுத்தலும் மிகை குறைவைச் சார்ந்தவை. விளைவோ மடங்கால் கூறப்படுகிறது. ஒருவன் மற்றவனுக்கு 4 கொடுத்தால் இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு 4 மாறுவதில்லை, 8 மாறுகிறது என்னும் நுட்பத்தையும் இக்கணக்கு மாணவனுக்கு உணர்த்துகிறது.

சென்னையில் அச்சேறிய நூல்

இந்நூல் 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனரால் தெலுங்கில் ஆக்கப்பட்டது. நவீன உலகம் இதனை அறிந்தது சென்னையின் வாயிலாகவே. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியர் ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த நூலை 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. தவளா உரையின் முதல் தொகுதி 1939இல் அச்சேறியது. பல நூற்றாண்டுகள் மூடபித்ரி பண்டாரத்தில் பூட்டப்பட்டிருந்த செல்வம் அதன்பின்னரே கற்றோர் கைக்கு வந்தது.

பிள்ளைகளின் கைக்கு

நன்னூலையும் யாப்பருங்கலக் காரிகையையும் சமணர் கொடை என்று தமிழுலகம் போற்றுகிறது. கணிதக் கொடையோ சமணக் குடும்பங்களிலேயே மறக்கப்பட்டு வருகிறது. ஆலயத்தில் மூன்று குறைந்த ஒன்பது கோடி முனிவரைப் பெரியோர் வணங்கும்போது உடன் நிற்கும் சிறுவன், அது கணக்கு என்பதை அறியான். மறுநாள் வகுப்பில், ‘ஒருவனிடம் 18 கனிகள் உள்ளன, அது தம்பியிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு, தம்பியிடம் எத்தனை?’ என்ற வினாவில் ‘மடங்கு’ என்னும் சொல்லைக் கண்டவுடன் பெருக்கி 54 என்று எழுதுகிறான். யாருடைய தொகை யாருடையதைப்போல் என்று நின்று நோக்கியிருந்தால் 6 என்று எழுதியிருப்பான்.

ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழும் இக்காலத்தில், இவற்றை விளக்கவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அறநெறி வகுப்புகளில் தீவும் கடலும் பற்றிய பாடம் நடக்கும் நாளில், ‘காலோதம் தாதகீகண்டத்தைவிட எத்தனை மிகுதி? லவண சமுத்திரத்தைப்போல் எத்தனை மடங்கு?’ என்று இரு வினாக்கள் கேட்டால் போதும். முதல் வினாவிற்கு 4 லட்சம் யோசனை என்றும், இரண்டாவதற்கு 4 மடங்கு என்றும் பிள்ளை விடை கூறுவான். இரண்டிலும் வரும் நான்கு ஒரே பொருளுடையதா என்று ஆசிரியர் மேலும் கேட்பாராயின், பூதபலி முனிவர் வகுத்த வேறுபாடு அப்பிள்ளையின் உள்ளத்தில் பதியும்.