'பாஷன்': ஒரு சொல்லின் வரலாறும் வன்னியின் உழைப்பும்

சொற்பொருள் மாற்றத்தைச் சமுதாய உறவுகளின் மாற்றத்திலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. ஒரு சொல் தன் பழம்பொருளைக் கைவிட்டுப் புதுப்பொருளை ஏற்கும்போது, அம்மாற்றம் எவர் நோக்கிலிருந்து நிகழ்ந்தது என்ற வினாவும் எழுகிறது. வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்று சிறுவரும் அறிந்துள்ள 'பாஷன்' என்னும் சொல்லை இவ்வகையில் நோக்குவாம்.

இச்சொல்லின் மூலம் 'செய்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். அதனடியாகப் பிறந்த பிரெஞ்சுச் சொல் செய்முறையையும் செய்நேர்த்தியையும் குறித்தது. பிறர் தரும் மூலப்பொருளைக் கொண்டு கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை இன்றும் அம்மொழியில் அச்சொல்லாலேயே வழங்கப்படுகிறது. ஆங்கிலத்திலும் அது முதலில் உருவாக்குதலையும் உருவையுமே சுட்டியது. 16ஆம் நூற்றாண்டளவில் உயர்குடியினரின் நடையுடை வழக்கைக் குறிக்கலாயிற்று. செய்தவரின் சொல் அணிந்தவரின் சொல்லாயிற்று என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

தமிழ் வழக்குகளும் கருதத்தக்கவை. திருக்குறளின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் இரக்கம் சார்ந்த பண்பைக் குறித்த 'நாகரிகம்', பிற்காலத்தில் நகர்ப்புற உடையலங்காரத்துக்கும் பெயராயிற்று. 'மோஸ்தர்' போர்த்துக்கேயர் வழிவந்தது, சிங்களத்திலும் உண்டு. ஈழத்துப் பேச்சுவழக்கில் 'சோக்கு' பாராட்டாகவும் 'எடுப்பு' கண்டனமாகவும் ஒலிக்கும். 'பாஷன்' இவ்விரண்டு தொனிகளையும் ஏற்றுக்கொண்டது. கடைப்பலகையில் அது கவர்ச்சி. இளம்பெண்ணைக் கண்டிக்கும் மூத்தோர் வாயில் அது குற்றச்சாட்டு. வணிகரின் புகழ்ச்சியும் ஒழுக்கவாதியின் இகழ்ச்சியும் அணிபவரை மட்டுமே காண்கின்றன, செய்பவரைக் காண்பதில்லை.

இம்மறைப்பை மார்க்ஸ் அன்றே உணர்ந்திருந்தார். 1863இல் இலண்டனில், நடன விருந்துக்குரிய ஆடைகளை இருபத்தாறரை மணிநேரம் ஓய்வின்றித் தைத்து இறந்த இருபது வயதுத் தொழிலாளி மேரி ஆன் வாக்லியின் கதையை 'மூலதனம்' முதற் பாகத்தில் அவர் பதிவு செய்தார். பாஷனின் திடீர் மாற்றங்களும் பருவகாலக் கட்டளைகளும் தொழிலாளர் மீது மிகையுழைப்பைச் சுமத்துவதையும் அந்நூலில் எடுத்துக்காட்டினார்.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரமும் 1978இன் கட்டுநாயக்க வர்த்தக வலயமும் ஆடை ஏற்றுமதிக்கு வழிவகுத்தன. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அதனைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. அக்காலத்திலேயே, அத்தொழிலாளரைத் தையல் இயந்திரத்தின் பெயரால் 'ஜூகிப் பெண்' எனச் சிங்களத்தில் இழித்துரைக்கும் வழக்கும் பரவிற்று. வன்னியோ போரினாலும் பொருளாதாரத் தடையினாலும் இவ்வளர்ச்சிக்குப் புறத்தே நின்றது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது தெற்கின் ஆடைகள் அங்கு தடையின்றி வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இன் முற்பகுதியில் பெண்கள் தம் புடைவைகளையே வெட்டிப் பதுங்குகுழிகளுக்கான மண்மூட்டைகளாகத் தைத்தனர். செய்தல் என்ற ஆதிப்பொருள் அங்கு உயிர்காக்கும் செயலாயிற்று.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன் பின்னரான ஆண்டுகளில் கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் 'வானவில்', 'விடியல்' ஆலைகளும், வவுனியாவில் இத்தாலிய முதலீட்டிலமைந்த ஒமேகா லைன் ஆலையும் எழுந்தன. போரில் கணவரையோ தந்தையையோ இழந்த குடும்பங்களின் பெண்கள் பலருக்கு, 'காமென்ற்' எனப் பொதுவாக வழங்கும் இத்தொழில் மாதவருமானம் தந்தது. அதனை மறுத்தல் பொருந்தாது. எனினும் துணியும் வடிவமும் சந்தையும் பிறருடையன. கைகள் மட்டுமே வன்னியுடையன. பழைய பிரெஞ்சு வழக்குச் சுட்டிய கூலிச்செய்கை இதுவேயாகும்.

ஆகவே பாஷன் வன்னிக்கு வெளியிலிருந்து வந்த சீர்கேடு என்பார் கூற்று அரைகுறையானது. வன்னியிலிருந்தும் அது வெளியே செல்கிறது. 'தையல்' என்னும் தமிழ்ச்சொல் தைக்கும் தொழிலையும் அழகையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது. அச்சொல் பிரிக்காது வைத்தவற்றைச் சந்தை பிரித்துவிட்டது. ஓர் ஆடையின் விலையில் தைத்தவளின் பங்கு எவ்வளவு, அதனைக் கூட்டாகக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டா என்னும் வினாக்களை எழுப்பாது 'பாஷன்' பற்றிய எவ்வாராய்ச்சியும் முழுமை பெறாது என்பதே நம் துணிபு.