ஒரே சாலையில் எத்தனை எல்லை!

விழுப்புரத்தில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போகும்போது கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கோலியனூர், வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனையும் அப்படியே. கண்டமங்கலத்தில் மறுபடி விழுப்புரம் மாவட்டம். அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. திண்டிவனத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு; கிளியனூர் வழியாக வந்தால் கோரிமேட்டில்தான் எல்லை.

நவாப் காலத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிராமம் கிராமமாகச் சேர்ந்த நிலம் இது. 1816-ல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோதும் துண்டு துண்டாகவே கொடுத்தார்கள். நம் பக்கத்து மல்லாட்டை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயிலும் வந்துவிட்டது.

1924-ல் நிலவழிச் சுங்கச் சட்டம் வந்தது. வரி உண்டோ இல்லையோ, எல்லை தாண்டும் எந்தச் சரக்குக்கும் சுங்கச் சாவடியில் விண்ணப்பம் எழுதி பெர்மிட் வாங்கவேண்டும் என்றது அது. வயல் ஒரு பக்கம், களம் இன்னொரு பக்கம் என்றிருந்த குடியானவனை நினைத்துப் பாருங்கள்! 1941-ல் இரு அரசுகளும் சுங்க உடன்பாடு செய்துகொண்டதால் கொஞ்ச காலம் நிம்மதி. சுதந்திரத்துக்குப் பிறகு தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் பாண்டிச்சேரி வழியாக உள்ளே நழுவ ஆரம்பித்தன. 1949-ல் இந்தியா அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. சாவடிகள் திரும்ப வந்தன.

இதில் பெரிய சிக்கல் இறக்குமதி அல்ல, கடந்து போகும் சரக்குதான். திருபுவனை நெல் பாண்டிச்சேரி நகரத்துக்குப் போக வேண்டும். இரண்டுமே பிரெஞ்சு மண், நடுவில் கண்டமங்கலம் இந்தியா. இந்தியாவில் இறங்காத நெல்லுக்கு இந்தியா வரி கேட்பது நியாயமில்லை. ஆனால் மூட்டை கண்டமங்கலத்திலேயே விலை போகாது என்பதற்கு என்ன உறுதி? உலகமெங்கும் சுங்கக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. நுழையும் இடத்தில் வண்டிக்கு சீல், வரித் தொகைக்கு ஜாமீன், வெளியேறும் இடத்தில் சீலைப் பார்த்துக் கணக்கை முடிப்பது என்பதுதான் அவர்கள் கண்ட வழி. ஐரோப்பிய லாரிகள் ஒரே கையேட்டை வைத்துக்கொண்டு பல நாடுகளைக் கடக்கும் டி.ஐ.ஆர். ஒப்பந்தமும் இதே ஏற்பாடுதான். அதில் இந்தியா சேர்ந்தது 2017-ல்! லாரிக்குச் சரி, தலைச்சுமையாகக் கூடை தூக்கிப் போகிறவளுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்?

1954 மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அந்தப் பக்கத்துக் கொம்யூன்கள்தான் முதலில் சாய்ந்தன. தேசபக்தியோடு இந்தச் சாவடித் தொல்லையும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். நான்கு பக்கமும் இந்தியா சூழ்ந்த ஊர் எத்தனை நாள் தாங்கும்?

அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுவதும் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று என்பது வேறு கதை.

இப்போது அந்தச் சாலையில் பையைத் திறந்து காட்டச் சொல்வது மதுவிலக்குப் போலீஸ்தான்.