புறநிலை மாணாக்கரும் பட்டப்பேற்றுக் கணக்கும்

பல்கலைக் கழகத்திற் சேர்ந்தோர் இத்துணையர், பட்டம் பெற்றோர் இத்துணையர் எனக் கணக்கிட்டு, வளாகத்திற் பயில்வோரையும் இணையவழிப் பயில்வோரையும் ஒப்பிட்டுரைப்பது இன்று பெருவழக்காயுள்ளது. அவ்வொப்பீட்டில் இணையவழியினர் பெரும்பாலும் தாழ்ந்தே தோன்றுவர். அத்தாழ்வு மாணாக்கரைச் சார்ந்ததோ, கணக்கைச் சார்ந்ததோ என்பது வரலாற்று நெறியில் ஆராயற்பாலது.

1836இல் தோன்றிய இலண்டன் பல்கலைக் கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே அமைந்தது. இணைந்த கல்லூரிகளிற் பயின்றோரே முதலில் அத்தேர்வை எழுதலாயினர். 1858ஆம் ஆண்டுச் சாசனம் மருத்துவம் நீங்கலான ஏனைய துறைகளில் அந்நிபந்தனையை நீக்கிற்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக் கழகங்களும் தொடக்கத்தில் தேர்வு நடத்தும் நிலையங்களே. இம்முறையில் பதிவேடு அறிந்தவர் தேர்வுக்கு வந்தவர் மட்டுமே. வீட்டில் நூல்களைப் பரப்பி வைத்து ஓராண்டு முயன்று, பின் கைவிட்டவர் எக்கணக்கிலும் ஏறிலர். ஆதலின் அக்காலத் தேர்ச்சி வீதத்தை இக்காலப் பட்டப்பேற்று வீதத்தோடு ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்தாது.

அகநிலை, புறநிலை என்னும் பாகுபாடு இலண்டனில் 1900ஆம் ஆண்டுச் சீரமைப்பினால் நிலைபெற்றது. பெயர் தெளிவாயினும் பொருள் தெளிவன்று. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக் கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் உருவாகும் வரை தன் மாணாக்கரை இலண்டன் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. ஆசிரியர் முன்னமர்ந்து பாடங்கேட்ட அவர்கள், இலண்டன் ஏட்டிற் புறநிலையினரே. அவர்தம் தேர்ச்சியை வளாகக் கல்வியின் பயன் என்பதா, புறநிலைக் கல்வியின் பயன் என்பதா?

கல்லூரி எய்தாத புறநிலையினரும் பலர். பின்னர் விபுலாநந்தர் எனப் பெயர் பூண்ட மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் அறிவியற் பட்டத் தேர்விலும் தேறினார். ஆசிரியத் தொழிலோடு ஒருங்கு நிகழ்ந்த படிப்பு இது. அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக் கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் ஆயினார்.

காலவரையறை இன்னொரு சிக்கல். நெல்சன் மண்டேலா 1943இல் விட்வாட்டர்ஸ்ராண்டுப் பல்கலைக் கழகத்திற் சட்டம் பயிலச் சேர்ந்து, பட்டம் பெறாமலே நீங்கினார். சிறையிலிருந்து இலண்டன் புறநிலைத் தேர்வுக்கு முயன்றும் முடித்திலர். 1989இல், சிறைக்காவலில் இருந்தவாறே, அஞ்சல்வழிக் கற்பிக்கும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றார். ஆறாண்டு எல்லையிட்டுக் கணக்கிடுவோர் ஏட்டில் அவர் இடைநின்றவரே ஆவர்.

இணையம் வந்தபின் சிக்கல் மிகுந்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012இல் மின்சுற்றும் மின்னணுவியலும் பற்றிய ஒரு பாடத்தைக் கட்டணமும் நுழைவுத் தகுதியும் இன்றி யாவர்க்கும் திறந்து வைத்தது. பதிந்தோர் 1,54,763 பேர். சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். வீதம் நூற்றுக்கு ஐந்தினும் குறைவு. ஆயின் முதற் பயிற்சிக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணேனும் பெற்றோர் 26,349 பேரே. அவரை அடியாகக் கொள்ளின் வீதம் 27 ஆகும். இடைத்தேர்வில் மதிப்பெண் பெற்ற 10,547 பேரை அடியாகக் கொள்ளின் ஏறத்தாழ 68. சான்றிதழ் பெற்றோர் தொகை மூன்றிலும் ஒன்றே. வகுக்கும் எண்ணே வேறு. இது பட்டப் படிப்பன்று, தனிப் பாடமே எனலாம். எனினும் வளாகக் கல்லூரி தேர்ந்தெடுத்துச் சேர்த்தவரை மட்டும் எண்ணுவதையும், இணையம் எட்டிப் பார்த்தவரையும் எண்ணுவதையும் இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இங்ஙனங் கூறுதலால் புறநிலைக் கல்விக்குக் குறையே இல்லை என்பது கருத்தன்று. ஆசிரியர் உரைத்ததைக் கொள்வதால் காற்கூறும், உடன் பயில்வாரோடு பழகுதலால் ஒரு காலும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரையும் புலமை நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து. தனித்துப் பயில்வோன் பெரிதும் இழப்பது இடையிலுள்ள அக்காலையே. இடைத்தேர்வு வரை வந்தும் சான்றிதழ் எய்தாதவர் ஏறத்தாழ 3,390 பேர். இணையவழிக் கல்வியின் மெய்யான இழப்பை அளக்க விழைவோர், ஒன்றரை இலட்சத்தை விடுத்து, இவர்களிடமே தொடங்குதல் வேண்டும்.