கொழுந்தும் மறதியும்

அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் வீதியில், கித்துல்கலையைக் கடந்து மலையேறினால் வருவது கினிகத்தேனை. மேற்கிலிருந்து வருவோருக்கு மலையகத்தின் வாசல் அதுவே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அந்நிலங்களெல்லாம் தேயிலைக்கு மாறின. மாற்றிய கைகள் தமிழகத்திலிருந்து வந்தவர்களுடையவை. 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோன கதையை வாசகர்கள் அறிவர்.

அவர்கள் கிள்ளிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் இன்று வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகின்றன. முதுமை மறதியைத் தேயிலை தடுக்குமாம். பச்சைத் தேயிலை மாத்திரைகளை வாங்கி ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பிள்ளைகளும் உளர். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு?

1929இல் ஜப்பானியப் பெண் விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா பச்சைத் தேயிலையிலிருந்து கெட்டகின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1949இல் தியானின் என்ற அமினோ அமிலமும் அங்கேயே கண்டறியப்பட்டது. ஆனால் நம் தோட்டத்து 'ஸ்டோருக்கு'ப் போகும் கொழுந்தின் கதி வேறு. அதை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விரித்து வைக்கிறார்கள். பச்சை நிறம் செம்பு நிறமாகும் அந்தச் சில மணி நேரத்தில், கெட்டகின்களில் பெரும்பகுதி காற்றின் ஒட்சிசனோடு வினைபுரிந்து தியாபிளேவின் முதலிய வேறு பொருள்களாகிவிடுகிறது. தேத்தண்ணியின் நிறமும் துவர்ப்பும் பெரிதும் அவற்றால் வருபவை. ஆகவே பச்சைத் தேயிலையைப் பற்றிய ஆய்வை அப்படியே நமது சாயத்துக்குப் பொருத்துவது தகாது.

கறுப்புத் தேயிலைக்கும் ஒரு சான்று உண்டு. சிங்கப்பூரில் 55 வயதைக் கடந்த 2,501 சீனரை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, கறுப்புத் தேயிலையும் ஊலோங்கும் அருந்துவோரிடம் அறிவாற்றல் குறைவு அரிதாக இருந்ததாகக் கூறியது. தேநீர்தான் காரணம் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. நாள்தோறும் தேநீர் அருந்துவோரின் வாழ்க்கைமுறையும் காரணமாகலாம் அல்லவா?

அதே 2008இல் பெர்லின் ஆய்வாளர்கள், ஈ.ஜி.சி.ஜி. எனப்படும் கெட்டகின், மூளை நோய்களுக்குத் தொடர்புடைய புரதங்கள் நார்களாகத் திரள்வதைத் திசைதிருப்புவதைச் சோதனைக்குழாயில் கண்டனர். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பின்னர் ஜெர்மனியில், பார்க்கின்சன் நோயை ஒத்த, ஆனால் அதனினும் கொடிய பல்தொகுதிச் சிதைவு நோயுள்ள 92 பேரிடம் அதனை 48 வாரம் சோதித்தனர். 2019இல் முடிவு வெளியானது. நோயின் வேகம் குறையவில்லை. மருந்தை உட்கொண்டோருள் சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டது. கோப்பைத் தேநீர் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. பெற்றோருக்குப் பொதி கட்டுவோர் முதலில் அவர்களின் வைத்தியரைக் கேட்பது நன்று.