பெருக்கெண்ணை வைப்பவர் யார்? பெங்களூருவின் ஒரு பங்கு சொல்லும் வரலாறு

1993 பிப்ரவரியில், பெங்களூருவிலிருந்து இயங்கிய இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தது. பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கின் விலை 95 ரூபாய். வெளியிட்ட பங்குகள் அனைத்தும் விலைபோகவில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க முதலீட்டு வங்கி அதே விலையில் நிறுவனத்தின் 13 விழுக்காட்டுப் பங்குகளை எடுத்துக்கொண்ட பிறகே அந்த வெளியீடு கரையேறியது. ஜூன் மாதம் சந்தையில் வணிகம் தொடங்கியபோது பங்கின் விலை 145 ரூபாய். அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் அதே நிறுவனத்தின் பங்கை, அது ஓராண்டில் ஈட்டும் இலாபத்தைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல் விலைகொடுத்து மக்கள் வாங்கினர்.

முதலாவதை அறியாமை என்றும், இரண்டாவதைப் பேராசை என்றும் பெயரிட்டுக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இரண்டு நிகழ்வுகளுக்கும் அடியில் ஒரே ஒரு எண் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் இலாபத்தை எத்தனையால் பெருக்கினால் அதன் பங்கின் விலை கிடைக்கும் என்பதே அந்த எண். அதைத் தீர்மானிக்கும் உரிமை இந்தியாவில் யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்ற வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் இன்ஃபோசிஸின் கதை முழுமை பெறுகிறது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சந்தையில் 'பி.இ. விகிதம்' என்று வழங்குவதைத் தமிழ் இதழ்கள் 'விலை-வருவாய் விகிதம்' என்று எழுதுகின்றன. இந்த மொழிபெயர்ப்பில் ஓர் இடர் உண்டு. நிறுவனக் கணக்குகளில் 'வருவாய்' என்பது விற்பனையால் வந்த மொத்தப் பணத்தையும் குறிக்கும். இங்கே வேண்டியதோ செலவும் வட்டியும் வரியும் போக எஞ்சும் நிகர இலாபம். அந்த இலாபத்தை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்குரிய ஈட்டம் கிடைக்கும். பங்கின் விலையை அந்த ஈட்டத்தால் வகுத்தால் கிடைப்பது பி.இ. விகிதம். ஒரு பங்கின் ஈட்டம் 10 ரூபாய், விலை 200 ரூபாய் என்றால் விகிதம் 20. சந்தையில் புழங்குவோர் இதை 'இருபது மடங்கில் விற்கிறது' என்பார்கள். 'விகிதம்' என்னும் கலைச்சொல்லைவிட 'மடங்கு' என்னும் வழக்குச்சொல்லே பொருளுக்கு நெருக்கமானது.

இந்த மடங்கு பங்குச் சந்தையில் பிறந்ததன்று. நிலத்தின் விலையை அதன் ஆண்டு வாரத்தின் இத்தனை மடங்கு என்று எண்ணும் வழக்கம் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. இருபது ஆண்டு வாரம் ஒரு நிலத்தின் விலை என்றால், அந்நிலம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு பலன் தருகிறது என்று பொருள். பெங்களூருவில் வாடகைக்கு மாற்றாக மொத்தத் தொகை கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு பிடிப்பவர்களும் இதே கணக்கைத்தான் தலைகீழாகப் போடுகிறார்கள். ஆண்டு வாடகைக்கு ஈடான பலனைத் தர எவ்வளவு தொகை தேவை என்பதே அவர்களுடைய கேள்வி. மடங்கும் பலன் விழுக்காடும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். மடங்கு 20 என்றால் பலன் 5 விழுக்காடு; மடங்கு 5 என்றால் பலன் 20 விழுக்காடு.

சுதந்திர இந்தியாவில், முதல் ஐம்பது ஆண்டுகளின் பெரும்பகுதியில், புதிய பங்குகளுக்கான இந்த விழுக்காட்டைச் சந்தை முடிவு செய்யவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், மூலதனம் போர்த் தேவைகளுக்கு வெளியே சிதறிவிடாமல் காக்க, பங்கு வெளியீடுகளுக்கு அரசின் முன்அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் அந்தக் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1947ஆம் ஆண்டின் மூலதன வெளியீடுகள் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. நிதியமைச்சகத்தில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், எந்த நிறுவனம் எவ்வளவு திரட்டலாம் என்பதோடு, எந்த விலைக்குப் பங்கு விற்கலாம் என்பதையும் தீர்மானித்தது.

அதற்கு ஒரு வாய்பாடு இருந்தது. முதல் படி, நிறுவனத்தின் நிகரச் சொத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இரண்டாம் படி, கடந்த ஆண்டுகளின் சராசரி இலாபத்தை ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டால் மூலதனமாக்குவது. உற்பத்தி நிறுவனங்களுக்கு அந்த விழுக்காடு 15. வணிக நிறுவனங்களுக்கு 20. இரண்டுக்கும் இடைப்பட்டவற்றுக்கு 17.5. இவ்விரண்டு மதிப்புகளின் சராசரியே 'நியாய மதிப்பு'. சந்தை விலை அதைவிட மிகவும் உயர்ந்திருந்தால் விழுக்காட்டை ஓரளவு தளர்த்தவும் விதி இடமளித்தது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிகரச் சொத்து பங்குக்கு 30 ரூபாய், சராசரி ஈட்டம் 3 ரூபாய் என்று கொள்வோம். 3 ரூபாயை 15 விழுக்காட்டால் மூலதனமாக்கினால் 20 ரூபாய். இரண்டின் சராசரி 25 ரூபாய். இந்த விழுக்காடுகளை மடங்காக மாற்றிப் பார்த்தால் வாய்பாட்டின் இயல்பு வெளிப்படும். 15 விழுக்காடு என்பது ஏறக்குறைய 6.7 மடங்கு, 20 விழுக்காடு என்பது 5 மடங்கு. அதாவது உற்பத்தி நிறுவனங்கள் அனைத்துக்கும் அலுவலகம் ஒரே பி.இ. விகிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. வேகமாக வளரும் நிறுவனத்துக்கும் தேங்கி நிற்கும் நிறுவனத்துக்கும் அதில் வேறுபாடு இல்லை. வாய்பாட்டின் பார்வை முழுவதும் பின்னோக்கியது: சேர்த்த சொத்து, ஈட்டிய இலாபம்.

இதனால் சிறு முதலீட்டாளர்களுக்கு ஒரு வகையில் நன்மையும் விளைந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி, பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் தம் வெளிநாட்டுப் பங்குரிமையைப் பொதுவாக 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம்., கோகோ கோலா ஆகியவை நாட்டை விட்டு வெளியேறின. தங்கியவை இந்தியப் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றன. கட்டுப்பாட்டு விலையில் அப்பங்குகளைப் பெற்ற நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பெரும் ஆதாயம் அடைந்தன. ஆனால் வாங்குபவரின் அந்த ஆதாயம் விற்பவரின் இழப்பே. மலிவு விலைக்குத்தான் பங்கு விற்க முடியும் என்னும்போது, வளரத் துடிக்கும் நிறுவனம் பங்கு மூலதனத்தைத் தவிர்த்துக் கடனையே நாடும்.

1992 மே இறுதியில் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் செபி அமைப்புக்குச் சட்டபூர்வ அதிகாரம் கிடைத்திருந்தது. இனி நிறுவனம் தன் விலையைத் தானே வைக்கலாம்; உண்மைகளை முழுமையாக வெளியிட வேண்டும்; தீர்ப்பு முதலீட்டாளருடையது. பெருக்கெண்ணை வைக்கும் உரிமை தில்லி அலுவலகத்திலிருந்து சந்தைக்குக் கைமாறியது.

கைமாறிய காலம் நல்ல காலமாக இல்லை. ஹர்ஷத் மேத்தாவின் பத்திர ஊழல் 1992 ஏப்ரலில் அம்பலமாகியிருந்தது. அதற்கு முன், ஏ.சி.சி. சிமென்ட் பங்கின் விலையேற்றத்தை நியாயப்படுத்த அவர் முன்வைத்த வாதம் பி.இ. விகிதத்தை முற்றிலும் ஒதுக்கியது. அந்த நிறுவனத்துக்கு ஒப்பான ஆலைகளை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ, அதுவே பங்கின் மதிப்பு என்றார் அவர். ஆலை எவ்வளவு ஈட்டுகிறது என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் இடமில்லை. வங்கிப் பணத்தின் ஓட்டம் நின்றதும் விலைகள் சரிந்தன. 1993இல் இன்ஃபோசிஸ் சந்தைக்கு வந்தபோது இந்தக் காயம் ஆறியிருக்கவில்லை.

அந்நிறுவனத்திடம் காட்டுவதற்குச் சிமென்ட் ஆலையும் இல்லை. 1981இல் புனேயில் ஏழு பொறியாளர்கள் பத்தாயிரம் ரூபாயுடன் தொடங்கி, 1983இல் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. அதன் செல்வம் மாலையில் வீடு திரும்பி மறுநாள் காலையில் மீண்டும் வரும் ஊழியர்கள். பழைய வாய்பாட்டில் சொத்துக்கு அளிக்கப்பட்ட பாதி எடை இத்தகைய நிறுவனத்தை மிகவும் தாழ்த்தியே மதிப்பிட்டிருக்கும். மேத்தாவின் வாதமும் இங்கே செல்லாது. மென்பொருள் எழுதுவோரை 'மீண்டும் கட்ட' என்ன செலவாகும்? எஞ்சியது ஈட்டமும் அதன் மடங்கும் மட்டுமே. இந்தச் சிக்கலை நிறுவனமும் உணர்ந்திருந்தது. லெவ், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1971இல் வகுத்த முறையைப் பின்பற்றி, ஊழியர்களின் எதிர்கால ஊதியத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, மனித வள மதிப்பு என்ற பெயரில் தன் ஆண்டறிக்கைகளில் பின்னர் வெளியிட்டது.

1999 மார்ச்சில் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்ற முதல் இந்தியப் பதிவு நிறுவனமாக இன்ஃபோசிஸ் ஆனது. அடுத்த ஆண்டில் மடங்கு ஏறிய உயரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2000 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஒரு பங்கின் ஈட்டம் ஏறக்குறைய 43 ரூபாய். மார்ச் இறுதியில் பங்கின் விலை ஏறக்குறைய 8,950 ரூபாய். விகிதம் 200ஐத் தாண்டியது. பலன் என்று பார்த்தால் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

அத்தகைய விகிதம் தன்னளவில் பொய்யன்று. அது ஒரு கூற்று. இலாபம் ஆண்டுதோறும் 50 விழுக்காடு வளர்ந்து, விலை அசையாமல் நின்றால், 200 மடங்கு 18 மடங்குக்கு இறங்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் நிறுவனம் வளர்ந்தால்தான் வாங்கியவருக்கு ஆதாயம். 8,950 ரூபாய் கொடுத்தவர், அறிந்தோ அறியாமலோ, இந்த நீண்ட வாக்கியத்துக்குக் கையெழுத்திட்டார்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது பாடநூலில் வைக்கத் தக்கது. 2001 மார்ச்சில் முடிந்த ஆண்டில் பங்கின் ஈட்டம் ஏறக்குறைய 94 ரூபாயாக, இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. எந்த முதலீட்டாளரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய வளர்ச்சியை விஞ்சிய வளர்ச்சி. ஆனால் ஆண்டிறுதியில் விலை ஏறக்குறைய 4,070 ரூபாய். முந்தைய ஆண்டின் பாதிக்கும் குறைவு. ஈட்டம் 2.2 மடங்காயிற்று, பெருக்கெண் 207இலிருந்து 43க்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. நிறுவனம் சொன்ன சொல்லைக் காத்தது. அந்தச் சொல்லுக்குச் சந்தை கொடுத்திருந்த விலைதான் மாறியது. 2003 ஏப்ரல் 10 அன்று, வரும் ஆண்டுக்கான இலாப மதிப்பீடு எதிர்பார்ப்புக்குக் குறைவாக இருந்தது என்பதற்காக, அதே பங்கு ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விலையிழந்தது. முடிந்துபோன ஆண்டின் இலாபத்தில் அன்று ஒரு ரூபாயும் குறையவில்லை.

இங்கேதான் பி.இ. விகிதத்தின் அமைப்பில் பொதிந்துள்ள முரண் தெரிகிறது. வகுக்கும் எண்ணான ஈட்டம் இறந்தகாலத்தது, தணிக்கையாளர் சரிபார்த்தது. வகுபடும் எண்ணான விலை எதிர்காலத்தைப் பற்றியது; யாராலும் சரிபார்க்க முடியாதது. இரண்டையும் வகுத்துக் கிடைக்கும் எண், தணிக்கை செய்த உண்மையின் தோற்றத்தை எதிர்பார்ப்புக்கும் அளித்துவிடுகிறது. இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் வெளியிட்ட நூலில், ஒற்றை ஆண்டின் ஈட்டத்தை நம்பாமல் பல ஆண்டுச் சராசரியைக் கொள்ளுமாறு வலியுறுத்தினர். ராபர்ட் ஷில்லர் பிற்காலத்தில் பயன்படுத்திய பத்தாண்டுச் சராசரி விகிதம் அதே வழியில் வந்தது. ஆனால் சராசரி எடுப்பது வகுக்கும் எண்ணைத்தான் திருத்தும். பெருக்கெண் எவ்வளவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை அது முழுவதும் தீர்ப்பதில்லை.

பெங்களூருவின் அடுத்த தலைமுறை நிறுவனங்கள் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கின. 2018இல் வால்மார்ட் ஏறக்குறைய 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியபோது அந்நிறுவனம் நட்டத்தில் இருந்தது. 2024 நவம்பரில் ஸ்விகி தன் பங்குகளை 390 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு விற்றபோதும் நட்டத்தில்தான் இருந்தது. ஈட்டம் எதிர்மறையாக இருக்கும்போது பி.இ. விகிதத்துக்குப் பொருளில்லை. இதற்கிடையே, 2022இல், நிறுவனங்கள் தம் வணிகத்தின் முக்கியச் செயல்திறன் அளவீடுகளையும் வெளியீட்டு ஆவணத்தில் விளக்க வேண்டும் என்று செபி பணித்தது. வகுப்பதற்கு இலாபம் இல்லாதபோது வேறு எதனால் வகுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் 6.7 மடங்கு ஒரு குறைபாடுள்ள எண். ஆனால் அது யார் வைத்த எண் என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு என்றால் குறைகூற ஓர் அலுவலகம் இருந்தது. 2000இன் 207 மடங்கை வைத்தவர் யார் என்று கேட்டால் விரல் நீட்ட ஒருவரும் இல்லை. அன்று வாங்கிய ஒவ்வொருவரும் அதில் பங்காளி. கட்டுப்பாட்டை நீக்கியதால் பெருக்கெண் மறைந்துவிடவில்லை. அதை வைக்கும் பொறுப்பு பல இலட்சம் பேருக்குப் பிரித்தளிக்கப்பட்டது. அது தமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியாமலே ஏற்றுக்கொண்டனர். ஒரு பங்கு 'நாற்பது மடங்கில் விற்கிறது' என்னும் வாக்கியத்தில் எழுவாய் பங்கு. பொருளின்படி பார்த்தால், எழுவாயாக நிற்க வேண்டியவர் அந்த விலையை ஒப்புக்கொள்ளும் மனிதர்.