திருவல்லிக்கேணியில் பகற்சோறு

சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பகல் ஒரு மணிக்கு வெளியே வரும் ஆய்வு மாணவர், வாலாஜா சாலையைத் தாண்டித் திருவல்லிக்கேணிச் சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. மெஸ், பிரியாணிக்கடை, உடுப்பி ஓட்டல், தள்ளுவண்டி என்று கைக்காசுக்கு ஏற்ற இடம் ஏதேனும் ஒன்று அகப்படும். எங்கே சாம்பார் நன்றாயிருக்கும், எங்கே இரண்டாவது முறை சோறு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதே அவருடைய கவலை. நூறாண்டுகளுக்கு முன் இதே தெருவில் நடந்த மாணவனின் கவலை வேறு. தன்னை எந்தக் கடை உள்ளே விடும், விட்டாலும் எங்கே உட்காரவைக்கும் என்பதை அவன் முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த இரண்டு கவலைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றை நாம் போதிய அளவு பேசியதில்லை.

சமைத்த சோற்றை விலைக்கு விற்பது பாவம் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. உறவினர் வீடு இருந்தது. கோயில் பிரசாதம் இருந்தது. காசு கொடுத்து உண்ணும் இடமாகிய ஓட்டல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நகரங்களில் பெருகத் தொடங்கியது. அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி ஆகிய மூன்றும் வீட்டைவிட்டு வெளியே பகற்பொழுதைக் கழிக்கும் ஒரு கூட்டத்தை உருவாக்கின. அந்தக் கூட்டத்தின் வயிறுதான் ஓட்டலைத் தோற்றுவித்தது எனலாம்.

மாநிலக் கல்லூரியின் தொடக்கம் 1840. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கடற்கரையை ஒட்டிய திருவல்லிக்கேணியே இயல்பான தங்குமிடமாயிற்று. வசதியுள்ளவர்கள் வீடு பிடித்துச் சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு ‘வாரச் சாப்பாடு’ என்ற ஏற்பாடு இருந்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு வீடுகள் சோறிடும். அதில் இரக்கம் உண்டு. இலையின் முன் கூசி உட்காரும் மாணவனின் சங்கடமும் உண்டு. ஆயினும் பட்டினி இல்லை.

குடும்பத்தையே அழைத்துவந்து குடியேறுவது மற்றொரு வழி. உ.வே.சாமிநாதையர் 1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தபின் திருவல்லிக்கேணிவாசியானார். பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகமான முகவரி. கணிதமேதை இராமானுஜன் 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் மாத உதவித்தொகை பெற்றபோது அவருடைய குடித்தனமும் திருவல்லிக்கேணியில்தான் இருந்தது. தாயும் மனைவியும் இருக்கும் வீட்டில் சாப்பாடு ஒரு பிரச்சினையாகத் தோன்றியிருக்காது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற பிறகே அது பிரச்சினையாயிற்று. கல்லூரி உணவுக்கூடத்தைத் தவிர்த்து அறையில் தாமே சமைத்து உண்டார் அவர்.

வாரச் சாப்பாடு போட அக்கிரகாரத்து உறவு இல்லாத மாணவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்குத் தமிழக அரசியல் வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது. 1916இல் டாக்டர் சி.நடேச முதலியார் பிராமணரல்லாத மாணவர்களுக்கென ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியைத் தொடங்கினார். அது திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்டது கவனிக்கத்தக்கது. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் சாதியின் காரணமாகத் தங்க இடமும் உண்ண இடமும் இன்றித் தவித்ததே அதற்குக் காரணம். அதே ஆண்டின் இறுதியில்தான் நீதிக்கட்சியாக அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவாயிற்று; அதை உருவாக்கியோருள் நடேச முதலியாரும் ஒருவர். அந்த அரசியலின் வேர்களைத் தேடுவோர் அரசுப் பணிகளின் கணக்கைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவர். ஒரு மாணவனின் பகற்சோற்றையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஓட்டல்களும் அன்று எல்லோருக்கும் பொதுவாக இல்லை. ‘பிராமணாள் ஓட்டல்’, ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகைகள் ஊர்தோறும் தொங்கின. பலகைக்குப் பொருள் இரண்டு: சமைப்பவர் பிராமணர் என்பது ஒன்று; உள்ளே பிராமணர் உண்ணத் தனி இடம் உண்டு என்பது மற்றொன்று. தாழ்த்தப்பட்டோருக்குப் பல கடைகளில் வாசலைத் தாண்டவே உரிமையில்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை 1941 வரை நீடித்தது. வ.வே.சு.ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதும், அதையொட்டி 1924-25இல் எழுந்த கொந்தளிப்பும் நாமறிந்தவை. கல்விக்கூடத்தின் சிக்கல் வகுப்பறையில் வெடிக்காமல் சாப்பாட்டுப் பந்தியில் வெடித்தது தற்செயலன்று. பாடத்தைத் தள்ளி உட்கார்ந்தும் கேட்கலாம். சோற்றுக்கு முன் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

1938இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணச் சட்டமன்றம் தீண்டாதார் மீதான சமூகத் தடைகளை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாது என்றது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது. பலகைகள் மட்டும் அசையவில்லை. 1957இல் பெரியார், பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரி மறியல் அறிவித்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம் திருவல்லிக்கேணி முரளி கபே. நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். பல மாதங்கள் இப்படியே கடந்தன. கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து நீங்கியது. ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேர் சிறை செல்ல வேண்டுமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தப் பலகையைப் படித்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றவர்களுக்கு அது வெறுஞ்சொல்லாக இருந்திருக்க முடியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் ஊர் மட்டுமன்று. ஆர்க்காட்டு நவாபு 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பியபின் அது முஸ்லிம்களின் ஊராகவும் ஆயிற்று. வாலாஜா பள்ளிவாசல் 1795இல் கட்டப்பட்டது. முஸ்லிம்களின் உணவுக்கடைகளிலும் ‘மிலிட்டரி ஓட்டல்’ எனப்பட்ட அசைவக் கடைகளிலும் பிராமணர்க்கெனத் தனிப் பந்தி என்ற பேச்சுக்கு இடமில்லை. இப்பேட்டையின் சமையல் வரலாற்றில் அக்கடைகளுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

பின்னர் மேன்ஷன்களின் காலம் வந்தது. வேலை தேடி வந்தவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் மாணவர்களும் ஓர் அறையை நால்வராகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த அறைகளில் அடுப்பு இல்லை. ஆகவே மெஸ்கள் பெருகின. 1948இல் தொடங்கிய இரத்னா கபே, இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றிப் பெயர் பெற்றது. மதியச் சாப்பாட்டுக்கு இளைஞர்கள் நம்பியது காசி விநாயகா போன்ற மெஸ்களை. டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். முறை வரும்போது காலியான இடத்தில் உட்கார வேண்டும். பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்க நேரமுமில்லை, வழக்கமுமில்லை. வாரச் சாப்பாட்டுக்கு வீட்டாரின் இரக்கம் தேவைப்பட்டது. ஓட்டல் பந்திக்குப் பிறப்பு தேவைப்பட்டது. டோக்கனுக்குக் காசு போதும். சோறு விற்பது பாவம் என்று அஞ்சிய சமூகத்தில், அந்த விற்பனையே பந்தியைச் சமமாக்கிய விந்தை இது.

காசும் இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் வழங்கி அக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. அங்கே வரிசையில் நிற்பவரின் பெயரைக்கூட எவரும் கேட்பதில்லை.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் மகிழ்வதற்கில்லை. ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகையை நாள்தோறும் கடந்து போகிறோம். ‘உயர்தர’ என்ற அடை பண்டத்தின் தரத்தைக் குறிக்கிறதா, சைவத்தின் தகுதியைக் குறிக்கிறதா? இலக்கணப்படி இரண்டுக்கும் இடமுண்டு. 1957இல் அகற்றப்பட்ட சொல் சென்ற இடம் எது என்று தேடுவோர், இந்த அடைமொழியில் தொடங்கலாம்.